ஒரே சட்டையை ஊருக்கே தைக்கும் டெம்ப்ளேட் தையற்காரர்கள்

கம்பெனிகளுக்குக் கணக்கு மென்பொருள் விற்க வருபவர்கள் டெமோவில் தவறாமல் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "சார், எல்லா ஸ்கிரீனும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒண்ணு கத்துக்கிட்டா போதும், மிச்சமெல்லாம் தானா வந்துடும்." முதலாளி தலையாட்டுவார். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் பத்து வருடமாக உட்கார்ந்திருக்கும் அக்காவை யாரும் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து அதே அக்காவின் மானிட்டர் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும். 'பர்ச்சேஸ் ரிட்டர்ன் போட: சேல்ஸ் ஸ்கிரீன், டைப் 7, தொகைக்கு முன்னால் மைனஸ், ரெஃபரன்ஸ் கட்டத்தில் பழைய பில் நம்பர், மறக்காமல் இரண்டு முறை சேவ்.'

பக்கத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டினால்தான் வேலை நடக்கும் என்றால் அந்தத் திரை தோற்றுவிட்டது. செய்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

டெம்ப்ளேட் என்பதே தப்பு என்று கிளம்பினால் அது வேறு வகை மொக்கை. ஒரு சுமாரான கம்பெனிக்கான மென்பொருளிலேயே நூற்றுக்கணக்கில் திரைகள் வரும். கொள்முதல், விற்பனை, சரக்கு, சம்பளம், வரி, வங்கி என்று ஒவ்வொன்றுக்கும் பத்து இருபது. அத்தனையையும் முதலிலிருந்து வரைந்தால் மென்பொருள் வெளியே வராது, வந்தாலும் முப்பது நிரலாளரின் முப்பது ரசனை முப்பது திரையில் தெரியும். ஒன்றில் 'சேவ்' வலது கீழே, இன்னொன்றில் இடது மேலே. ஒன்றில் தேதி 31-03, இன்னொன்றில் 03/31. ஆகவே வார்ப்பு வேண்டும், அதில் சண்டை இல்லை. அந்த வார்ப்பை எதிலிருந்து எடுப்பது என்பதில்தான் சண்டை. இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஜல்லியடிக்கிறார்கள்.

சாதாரணமாக அது டேட்டாபேஸ் அட்டவணையிலிருந்து எடுக்கப்படுகிறது. 1992-ல் வந்த மைக்ரோசாஃப்ட் அக்சஸில் ஒரு அட்டவணையைக் காட்டினால் போதும், விஸார்ட் அதற்கு ஒரு படிவத்தைப் போட்டுக் கொடுத்துவிடும். 2004-ல் வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸ் பெரிதாகப் பேசப்பட்டதற்கு ஒரு காரணம் அதன் 'ஸ்கஃபோல்டு'. ஒரே ஒரு கட்டளையில் பட்டியல் பக்கம், புதிதாகச் சேர்க்கும் பக்கம், திருத்தும் பக்கம் எல்லாம் தயார். பார்ப்பதற்கு மாயாஜாலம். ஸ்கஃபோல்டு என்றால் சாரம், கட்டிடம் கட்டும்போது கட்டுகிற மூங்கில் சாரம். கட்டி முடித்ததும் பிரித்துவிட வேண்டியது. நம்மூர் ஆணி பிடுங்கும் கம்பெனிகள் பலவும் அந்தச் சாரத்துக்கே வெள்ளையடித்து, பூசைபோட்டு, குடியேறச் சொல்லிவிடுகின்றன. :-)

இதனால் என்ன கெடுகிறது? அட்டவணையில் பன்னிரண்டு நெடுவரிசை இருந்தால் திரையில் பன்னிரண்டு கட்டம். எந்தக் கட்டம் இந்த வேலைக்குத் தேவை, எது தேவையில்லை, எது எதைத் தொடர்ந்து வரவேண்டும் என்பதெல்லாம் அட்டவணைக்குத் தெரியாது. கிளார்க்குக்குத் தெரியும். ஆகவே அந்த அறிவைத் திரைக்குள் வைப்பதற்குப் பதிலாகக் கிளார்க்கின் தலையில் வைத்துவிடுகிறார்கள். நிரலாளருக்கு மிச்சமான இரண்டு வாரத்தைக் கிளார்க்குகள் பத்து வருடம் தவணையில் கட்டுகிறார்கள். வட்டி தனி.

உலகப் பெரிய ஆட்களும் இதற்கு விதிவிலக்கல்ல. எஸ்ஏபியின் பழைய எஃப்-02 திரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பொதுப் பேரேட்டில் ஒரு கணக்கைப் பற்று வைக்க 40 என்று அடிக்க வேண்டும், வரவு வைக்க 50. சப்ளையர் கணக்கில் பில் வந்தால் 31, வாடிக்கையாளருக்குப் பில் போட்டால் 01. பற்று, வரவு என்று ஐந்நூறு வருடமாகப் புழங்குகிற இரண்டு சொற்களை எடுத்துவிட்டு, கணினி தனக்குள் வைத்திருக்கும் குறியீட்டை மனிதனை மனப்பாடம் செய்ய வைத்த திரை அது. பின்னால் வந்த எஃப்பி50, எஃப்பி60 திரைகளில் பற்றா வரவா என்று நேராகத் தேர்ந்தெடுக்கலாம். ஆனாலும் 40, 50 தெரியும் என்பது இன்றும் ஒரு தகுதியாகப் பேசப்படுகிறது. கஷ்டப்பட்டுக் கற்றதை யாருக்குத்தான் விட்டுக்கொடுக்க மனசு வரும்?

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு டெம்ப்ளேட் புதிதே இல்லை. பதினொன்றாம் வகுப்பில் முதல் மாதமே கோடு போடச் சொல்லிக் கொடுத்தது அதைத்தானே? நாள், விவரம், பேரேட்டுப் பக்க எண், பற்று, வரவு. ஐந்து பத்தி. கீழே ஒரு வரி விளக்கக் குறிப்பு. பெட்டிக் கடை வாங்கினாலும் கப்பல் வாங்கினாலும் இதே குறிப்பேடுதான். லூக்கா பச்சோலி 1494-ல் வெனிஸில் அச்சிட்ட கணித நூலில் குறிப்பேட்டையும் பேரேட்டையும் விளக்கி எழுதினார். அச்சில் வந்து ஐந்நூறு வருடம் தாண்டியும் மறுபயன்பாட்டில் இருக்கும் வார்ப்பு. எந்த மென்பொருள் கம்பெனி இப்படி ஒன்றைச் செய்திருக்கிறது?

அது ஏன் நிற்கிறது என்றால், நடவடிக்கையிலிருந்து அது வெட்டப்பட்டது. எந்த நடவடிக்கைக்கும் இரண்டு பக்கம் உண்டு, ஒரு நாள் உண்டு, ஒரு காரணம் உண்டு. இந்த மூன்றுக்கும் இடம் வைத்திருக்கிறது, நான்காவதாக வெட்டியாக எதுவும் இல்லை. அப்புறம், அந்த ஐந்து பத்தியோடு அது நின்றுவிடவும் இல்லை. தினமும் நூறு கடன் விற்பனை நடக்கிற கடையில் ஒவ்வொன்றையும் முதன்மைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும் என்று விற்பனை ஏடு, கொள்முதல் ஏடு, திருப்ப ஏடுகள், ரொக்க ஏடு என்று துணை ஏடுகளைப் பிரித்தார்கள். ரொக்க ஏட்டுக்குள்ளேயே தனிப்பத்தி, இருபத்தி, முப்பத்தி. வேலை மாறினால் ஏடு மாறும். நாளும் தொகையும் மட்டும் எல்லா ஏட்டிலும் பழைய இடத்திலேயே இருக்கும். மறுபயன்பாட்டு வடிவமைப்பு என்று இப்போது மாநாடு போட்டுப் பேசுகிற பாதி விஷயம் இந்த ஏடுகளில் இருக்கிறது.

இதைக் கணினியில் ஏற்றத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். ஷ்யாம் சுந்தர் கோயங்கா மில்களுக்கு இயந்திர பாகங்கள் சப்ளை செய்த வியாபாரி. தன் கணக்குக்குச் சரியான மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத்திடம் எழுதச் சொன்னார். 1986-ல் அப்படிப் பிறந்ததுதான் பிற்காலத்து டேலி. அந்தக் காலத்துக் கணக்கு மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு எண் கொடுத்து அந்த எண்ணைத்தான் அடிக்க வேண்டும். டேலி எண்ணைத் தூக்கியெறிந்தது. 'முருகன் ஸ்டோர்ஸ்' என்று பேரேட்டில் எப்படி எழுதுவாரோ அப்படியே அடித்தால் போதும்.

திரையின் வார்ப்பையும் பாருங்கள். எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். ஒவ்வொரு விசையும் ஒரு வவுச்சர். அதாவது மேஜை டிராயரில் கலர் கலராகக் கிடந்த அச்சடித்த வவுச்சர் புத்தகங்கள்தான் விசைகளாக மாறியிருக்கின்றன. எந்த வவுச்சரைத் திறந்தாலும் தேதி மாற்ற எஃப்2, கடைசியில் நரேஷன், சேமிக்க கன்ட்ரோல்+ஏ. பில் போடும் நடுவில் புது சப்ளையர் வந்துவிட்டால் திரையை விட்டு வெளியே போகவேண்டாம், ஆல்ட்+சி அடித்து அங்கேயே லெட்ஜர் திறந்துகொள்ளலாம். பற்று, வரவு என்று காட்ட வேண்டுமா, பழைய பழக்கத்தில் 'பை', 'டு' என்று காட்ட வேண்டுமா என்பதைக்கூட அமைப்பில் மாற்றிக்கொள்ள இடம் வைத்தார்கள். வயதான கணக்குப்பிள்ளை எப்படி எழுதிப் பழகியிருப்பார் என்று யோசித்த ஆள்தான் இதைச் செய்திருக்க முடியும்.

'அது சின்னக் கடைக்குச் சரி, பெரிய கம்பெனிக்கு எல்லாத் திரையையும் தனித்தனியாகச் செய்தால் கட்டுப்படியாகுமா' என்று கேட்பார்கள். டேலிக்குள் இருக்கும் டிடிஎல் என்ற மொழியே இதற்குப் பதில். அதில் ரிப்போர்ட் என்றால் அதற்குள் ஃபார்ம், ஃபார்முக்குள் பார்ட், பார்ட்டுக்குள் லைன், லைனுக்குள் ஃபீல்டு. ஒரு ஃபீல்டை ஒருமுறை வரையறுத்துவிட்டால் 'யூஸ்' என்று ஒரு வார்த்தை போட்டு வேறு இடத்தில் எடுத்துக்கொள்ளலாம், மேலே தேவையானதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தேதி, தொகை, கணக்குப் பெயர், வரி விகிதம் போன்ற சின்னத் துண்டுகள் எங்கும் ஒன்றே. துண்டுகளை அடுக்கும் விதம் வவுச்சருக்கு வவுச்சர் வேறு. செங்கல்லை அச்சில் போடுகிறார்கள், வீட்டைப் போடுவதில்லை. நிரலாளருக்கும் மிச்சம், கிளார்க்குக்கும் மிச்சம். கட்டுப்படியாகவில்லை என்பவர்கள் வீட்டையே அச்சில் போட்டுவிட்டு உள்ளே இருப்பவனைக் குனிந்து போகச் சொல்கிறார்கள்.

குனியாமல் போனவர்களின் தலை எப்படி இடிக்கும் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு வழக்கு நடந்தது. காமர்ஸ் வகுப்புகளில் இதைப் பாடமாகவே வைக்கலாம்.

ரெவ்லான் என்ற அழகுசாதனக் கம்பெனி 2016-ல் 180 கோடி டாலர் கடன் வாங்கியது. கடன் கொடுத்தவர்கள் பலர், அவர்களுக்கும் ரெவ்லானுக்கும் நடுவில் நிர்வாகி சிட்டி வங்கி. 2020 ஆகஸ்ட் 11 அன்று சிட்டி செய்ய வேண்டியிருந்தது சுமார் 78 லட்சம் டாலர் வட்டியை அனுப்புவது மட்டும். அனுப்பியது அதோடு சேர்த்து அசலாகச் சுமார் 89 கோடி டாலர், அதுவும் வங்கியின் சொந்தப் பணம்!

எப்படி? அன்றைக்குச் செய்ய வேண்டியிருந்த வேலைக்கு ஃப்ளெக்ஸ்கியூப் மென்பொருளில் நேரான ஒரு திரை இல்லை. ஆகவே சுற்றுவழி. மொத்தக் கடனையும் அடைப்பது போல நடவடிக்கையைப் பதிவு செய், ஆனால் அசல் வெளியே போகாமல் வங்கிக்குள்ளேயே இருக்கும் ஒரு இடைக்கணக்குக்குத் திருப்பிவிடு. திருப்புவதற்கு மூன்று கட்டங்களில் டிக் அடித்து அந்தக் கணக்கு எண்ணைப் போட வேண்டும். கட்டங்களின் பெயர்: 'பிரின்ஸிபல்', 'ஃப்ரண்ட்', 'ஃபண்ட்'. வேலை செய்தவர் 'பிரின்ஸிபல்' கட்டத்தில் மட்டும் போட்டார். அசலைத் திருப்ப வேண்டும், 'அசல்' என்று எழுதிய கட்டத்தில் போட்டாயிற்று. பி.காம் படித்த யாரும் அதைத்தானே செய்வார்கள்? மிச்ச இரண்டு பெயருக்கும் என்ன அர்த்தம் என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட முடியுமா?

மூன்று பேர் பார்த்தார்கள். பதிவு செய்தவரும் சரிபார்த்தவரும் இந்தியாவில் இருந்த ஒப்பந்த நிறுவன ஊழியர்கள், ஒப்புதல் கொடுத்தவர் அமெரிக்காவில் இருந்த சிட்டி அதிகாரி. ஆறு கண். ஆறுக்கும் சரியாகத்தான் தெரிந்தது, ஏனென்றால் ஆறும் பார்த்தது அதே திரையை. கடைசியில் ஒரு எச்சரிக்கையும் வந்தது. பணம் வங்கியை விட்டு வெளியே போகும், தொடரலாமா என்று. வட்டி வெளியே போகத்தானே வேண்டும்? 'யெஸ்' அடித்தார்கள். எவ்வளவு பணம், வட்டியா அசலா என்று அந்த எச்சரிக்கையில் ஒரு வார்த்தை இல்லை. எல்லா நடவடிக்கைக்கும் ஒரே எச்சரிக்கை, அதுவும் டெம்ப்ளேட்!

கடன் கொடுத்தவர்களில் ஒரு பகுதியினர் சுமார் 50 கோடி டாலரைத் திருப்பித் தரமாட்டோம் என்றார்கள். 2021 பிப்ரவரியில் கீழ் நீதிமன்றம் வைத்துக்கொள்ளலாம் என்றது. 2022 செப்டம்பரில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. இரண்டு வருடம் வக்கீல் செலவு, வயிற்றெரிச்சல், ஊர் சிரிப்பு.

இதில் ஒரு வேடிக்கை. ஃப்ளெக்ஸ்கியூப் வந்தது ஐ-ஃப்ளெக்ஸ் என்ற இந்தியக் கம்பெனியிலிருந்து. ஐ-ஃப்ளெக்ஸ் வந்தது சிட்டியே இந்தியாவில் தொடங்கிய மென்பொருள் கம்பெனியிலிருந்து. பின்னால் ஆரக்கிள் வாங்கியது. ஆக, வங்கிக்காரர்கள் வீட்டிலிருந்தே கிளம்பிய மென்பொருள். வங்கி வேலை தெரியாதவர்கள் செய்தது என்று தப்பிக்க வழியில்லை.

இந்த மாதிரிச் செய்தி வந்தவுடன் முதலில் வரும் வார்த்தை 'மனிதத் தவறு'. அடுத்தது 'பயிற்சி'. அதற்கடுத்தது 'இன்னொரு எச்சரிக்கைப் பெட்டி'. எச்சரிக்கையின் லட்சணத்தையும் அதே வங்கியின் லண்டன் கிளையிலேயே பார்க்கலாம். 2022 மே மாதம் ஒரு டிரேடர் 5.8 கோடி டாலர் மதிப்புக்குப் பங்குகளை விற்க நினைத்தார். மதிப்புக் கட்டத்தில் அடிக்க வேண்டிய எண்ணை எண்ணிக்கைக் கட்டத்தில் அடித்துவிட்டார். திரையில் உருவானது 44,400 கோடி டாலர் ஆர்டர். மென்பொருள் சும்மா இருக்கவில்லை, 711 எச்சரிக்கைகளை ஒரே பெட்டியில் கொட்டியது. கீழே உருட்டாமல் கண்ணுக்குத் தெரிந்தது முதல் 18 வரி. அவர் தாண்டிப் போய்விட்டார். வேறு தடுப்புகள் பெரும்பகுதியை நிறுத்தினாலும், ரத்து செய்வதற்குள் 140 கோடி டாலர் பங்கு விற்றுப் போனது. பிரிட்டன் அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 2024-ல் போட்ட அபராதம் 6 கோடி பவுண்டுக்கு மேல். 711 எச்சரிக்கை கொடுக்கத் தெரிந்த திரைக்கு, 'ஐயா, வழக்கமாக இவ்வளவு விற்பதில்லையே, இது எண்ணிக்கையா மதிப்பா' என்று ஒரே ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை.

அதே 2024 ஏப்ரலில், அதே வங்கியில், ஒரு வாடிக்கையாளர் கணக்கில் 280 டாலர் வைப்பதற்குப் பதில் 81 லட்சம் கோடி டாலர் வரவு வைக்கப்பட்டது. மாற்றுத் திரை ஒன்றில் தொகைக் கட்டம் ஏற்கனவே 15 பூஜ்யங்களோடு திறந்ததாம். அழித்துவிட்டு அடிக்க வேண்டும், அழிக்க மறந்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் ஒருவர் ஒன்றரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார், பிறகு சரிசெய்தார்கள், பணம் வெளியே போகவில்லை. தொகைக் கட்டத்தைப் பூஜ்யத்தால் நிரப்பித் திறப்பது எந்தக் கிளார்க் கேட்டு வாங்கிய வசதி?

இந்த இடத்தில்தான் காமர்ஸ் பட்டதாரிகளுக்குக் கோபம் வரவேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் பேக் ஆபீஸ் என்ற பெயரில் உலக வங்கிகளின் இந்தத் திரைகளுக்கு முன்னால் உட்காரப் போவது பெரும்பாலும் அவர்கள்தான். பெட்டி வடிவமைத்தவர் பெயர் எங்கும் வராது. பெட்டியில் எண் அடித்தவர் பெயர் நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போகும்.

எதிர்முகாமில் இருக்கும் டிசைன் கலைஞர்களையும் விட்டுவைப்பதற்கில்லை. ஒவ்வொரு பதிப்பிலும் எல்லாவற்றையும் அழகாக மாற்றியே தீரவேண்டும் என்பவர்கள் இவர்கள். கட்டங்களுக்கு நடுவில் ஒரு கிரிக்கெட் மைதானம் அளவு வெற்றிடம், ஒரு பில்லுக்கு ஆறு முறை மௌஸ். 2020 கடைசியில் டேலிபிரைம் வந்தபோது எஃப்4 முதல் எஃப்9 வரை கை வைக்காமல் விட்ட புத்திசாலிகளே, கிரெடிட் நோட்டையும் டெபிட் நோட்டையும் கன்ட்ரோல்+எஃப்8, எஃப்9-லிருந்து ஆல்ட்+எஃப்6, எஃப்5-க்கு மாற்றிவிட்டார்கள். காரணம் ஏதாவது இருக்கும். விரல்களுக்குக் காரணம் புரியாது.

இறக்குமதி வார்ப்புகளின் இம்சை தனி. பத்து லட்சத்தை 1,000,000 என்று காட்டும் தொகைக் கட்டம். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டு தெரியாத அறிக்கை. 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்று சிவப்பில் மின்னும் பெட்டி, அதில் இனிஷியலைப் போட்டால் ஒரு எழுத்து போதாது என்கிற திமிர். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு அப்பா பெயர்தான் கடைசிப் பெயராகி, சம்பளச் சீட்டில் அப்பாவே வேலை பார்க்கிறார். டெம்ப்ளேட்டைத் திரும்பப் பயன்படுத்துகிறவர்கள் அதற்குள் இருக்கும் ஊரையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள் என்பதை யாரும் விலைப்பட்டியலில் போடுவதில்லை.

டெமோவுக்கு ஆள் வந்தால் ஸ்லைடுகளை மூடச் சொல்லிவிட்டு ஒரு வேலை கொடுத்துப் பார்க்கலாம். மார்ச் 31 சாயங்காலம், இதுவரை லெட்ஜரே இல்லாத ஒரு சப்ளையரிடமிருந்து வந்த சரக்கில் பாதியைத் திருப்பி அனுப்ப வேண்டும், வரியோடு. மௌஸைத் தொடாமல், டைப் எண் எதையும் மனப்பாடம் சொல்லாமல், பாதியில் திரையை விட்டு வெளியே போகாமல் அவரே போட்டுக் காட்டட்டும். பக்கத்து நாற்காலியில் அந்த அக்காவை உட்கார வைத்து, எந்தக் கட்டத்தில் அவர் கை தயங்குகிறது என்று ஒரு பேப்பரில் குறித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். விலை பேசுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.